முயல் அழுததும் அணில் பிழைத்த கதை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழோடு வரும் சிறுவர் இணைப்பில் போன வாரம் ஓர் அணில் கதை வந்திருந்தது. மரத்திலிருந்து விழுந்து அணில் செத்துப்போகிறது. அதன் தோழி முயல் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுகிறது. வனதேவதை வருகிறாள், முயலின் அன்பை மெச்சுகிறாள், அணிலுக்கு உயிர் கொடுத்துவிட்டுப் போகிறாள். படங்கள் அருமை. அந்த வாலை வரைந்த கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். கதையைப் பற்றித்தான் நாலு வார்த்தை எழுத வேண்டியிருக்கிறது.

நான் கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் அங்கன்வாடி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். என் வீட்டுக்காரர் இந்த வருடம் தை மாதம் காலமானார். மகளும் பேத்தியும் எங்களோடுதான் இருக்கிறார்கள். பேத்திக்கு நாலு முடிந்து ஐந்து நடக்கிறது. அணில் கதையைப் படித்துக் காட்டச் சொன்னாள், காட்டினேன். முடிந்ததும் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், "முயல் அழுததுக்கு அணில் வந்துருச்சு. நாமளும் அழுதோமில்ல அம்மிச்சி? அப்ப நாம அழுதது பத்தலையா?" என்று கேட்டாள்.

கதை எழுதியவர் நல்ல மனதோடுதான் எழுதியிருப்பார். சாவித்திரி எமனோடு வாதாடிப் புருஷனை மீட்டுக்கொண்டு வந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாமெல்லாம். அதையெல்லாம் நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. பத்து வயதுப் பிள்ளை கதையில் நடப்பது வேறு, வீட்டில் நடப்பது வேறு என்று பிரித்துக்கொள்ளும். நாலு வயதுக்கு அந்தப் பிரிவினை கிடையாது. அதுவும் வீட்டில் ஒரு சாவு விழுந்த பிள்ளைக்கு, உயிர் திரும்பும் கதை ஒரு செய்முறைக் குறிப்பு மாதிரி ஆகிவிடுகிறது. இன்னும் கொஞ்சம் அழுதால் அப்புச்சி (எங்கள் பக்கம் தாத்தாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) வருவார் என்று அது கணக்குப் போடுகிறது.

பிள்ளைகள் போடும் கணக்கில் தப்பு இருக்காது. அதற்கு நாம் கொடுக்கும் விவரம்தான் அரைகுறையாக இருக்கும். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். போன ஆவணியில் அவருக்கு நெஞ்சுவலி வந்து 108-இல் ஈரோட்டுக்குக் கொண்டுபோனோம். ஸ்டென்ட் வைத்தார்கள். நாலைந்து நாளில் திரும்பி வந்துவிட்டார், வரும்போது பேத்திக்குப் பால்கோவா வேறு. தை மாதம் வாசலில் வந்து நின்றதும் ஒரு வெள்ளை வண்டிதான். பக்கவாட்டில் அமரர் ஊர்தி என்று எழுதியிருந்ததைப் படிக்க அவளுக்குத் தெரியாது. எங்கள் பக்கம் பெண்பிள்ளைகள் மயானத்துக்குப் போவதில்லை, தெருமுனையோடு சரி. அவள் பார்த்தது இவ்வளவுதான்: அப்புச்சியை நாலு பேர் தூக்கி வெள்ளை வண்டியில் ஏற்றினார்கள், வண்டி போய்விட்டது. போன தடவையும் இதேதான் நடந்தது, திரும்பி வந்தார். இந்தத் தடவை மட்டும் ஏன் வரமாட்டார்? வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் திண்ணைக்கு ஓடினாள்.

ஒரு பயிற்சி வகுப்பில் எங்களுக்குச் சொல்லித்தந்தது அப்போது நினைவுக்கு வந்தது. மரியா நாகி என்ற உளவியலாளர் ஹங்கேரியில் குழந்தைகளோடு சாவைப் பற்றிப் பேசியும், படம் வரையச் சொல்லியும் செய்த ஆய்வு 1948-இல் வெளியானது. ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகள் சாவை ஒரு பயணம் போலவோ தூக்கம் போலவோதான் எடுத்துக்கொள்கின்றன, செத்தவர் வேறு எங்கோ இருக்கிறார் என்றே நினைக்கின்றன என்று அவர் எழுதினார். வகுப்பில் குறிப்பு எடுத்துக்கொண்டேன். அதே கணக்கை என் வீட்டுத் திண்ணையில் பேத்தி போடுவதைப் பார்த்தபோதுதான் அந்தக் குறிப்புக்கு முகம் வந்தது.

போதாததற்கு வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொன்று சொன்னார்கள். "அப்புச்சி தூங்கறாரு சாமி, சத்தம் போடக்கூடாது" என்றார் எதிர்வீட்டு அக்கா. கோயமுத்தூருக்கு வைத்தியத்துக்குப் போயிருக்கிறார் என்றார் இன்னொருத்தர். யாரையும் குறை சொல்லவில்லை, அழுகிற பிள்ளையைப் பார்த்து வாயில் வருவதுதான் வரும். ஆனால் 'தூங்கறாரு' செய்த வேலை பெரிது. ராத்திரியில் பேத்தி எழுந்து தூங்கிக்கொண்டிருக்கும் அம்மாவின் கண்ணிமையை விரலால் திறந்து திறந்து பார்த்தாள். ஐஸ் பெட்டி வந்தபோது வேறொரு கேள்வி. "உள்ள குளுருமே, ஸ்வெட்டர் போட்டு விடலையா?" அங்கே நின்றிருந்த பெரியவர்கள் இதைக் கேட்டு வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதார்கள். அவள் அழவில்லை. அவளுக்கு அது ஒரு நியாயமான கேள்வி, பதில் வேண்டியிருந்தது.

பெரியவர்களுக்கு அழ நம்மிடம் எல்லாம் இருக்கிறது. ஒப்பாரி இருக்கிறது, கட்டிப்பிடித்து அழ ஒரு திண்ணை நிறையப் பெண்கள் இருக்கிறார்கள், மூன்றாம் நாள் பால் தெளிப்பு, கருமாதி, பவானி கூடுதுறை என்று நாள் நாளாக ஏதாவது செய்ய வைத்துத் துக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி வைக்கிற ஏற்பாடு இருக்கிறது. பிள்ளைக்கு என்ன ஏற்பாடு? பக்கத்து வீட்டில் டிவி முன்னால் உட்கார வைப்பதுதான். அங்கே பெரியப்பா பேரன்களோடு ஓடிப்பிடித்து விளையாடிச் சிரித்ததற்காக என் பேத்தி திட்டு வேறு வாங்கினாள். அழுகையும் சிரிப்பும் அந்த வயதில் மாறி மாறித்தான் வரும். பத்து நிமிடம் அழும், அப்புறம் பிஸ்கட் கேட்கும்.

கருமாதி முடிந்ததும் மகள் கோயமுத்தூரில் தன்னோடு வேலை செய்யும் ஒரு பெண்ணிடமிருந்து ஓர் ஆங்கிலப் படப் புத்தகம் வாங்கிவந்தாள். சூசன் வார்லி எழுதி வரைந்து 1984-இல் வந்த புத்தகம். பேட்ஜர் என்று ஒரு மிருகம், வயதாகிச் செத்துப்போகிறது. அதன் கூட்டாளிகள் துக்கத்தில் இருந்துவிட்டு, பிறகு கூடிப் பேசும்போது பேட்ஜர் தங்களுக்கு என்னென்ன கற்றுக்கொடுத்தது என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கின்றன. ஒன்றுக்குக் காகிதம் வெட்டக் கற்றுத் தந்தது, ஒன்றுக்குக் கழுத்து டை கட்ட, தவளைக்குப் பனியில் சறுக்க. நல்ல புத்தகம், சந்தேகமே இல்லை. மகள் தமிழில் சொல்லச் சொல்ல நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பேத்தி மட்டும் பேட்ஜர் நாயா, பூனையா, கரடியா என்பதிலேயே நின்றுவிட்டாள். பனியில் ஏன் சறுக்க வேண்டும், விழுந்தால் அடிபடாதா என்று கேட்டாள். அந்த வீட்டில் ஐஸ் பெட்டி இல்லை, பந்தல் இல்லை, வாசல் நிறையச் செருப்பு இல்லை, மொட்டை அடித்த மாமா இல்லை. அவள் பார்த்த சாவு அதில் இல்லை.

சரி, நாமே ஒன்று செய்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். அங்கன்வாடி டீச்சருக்குச் சார்ட்டும் ஸ்கெட்ச் பேனாவும் புதிதா என்ன? கோடு போடாத நோட்டு ஒன்று எடுத்துக்கொண்டேன். முதல் பக்கத்தில் அப்புச்சி டிவிஎஸ் வண்டி ஓட்டுகிறார், முன்னால் பேத்தி நிற்கிறாள். அடுத்ததில் தடப்பள்ளி வாய்க்கால் கரையில் பூவரச இலையைச் சுருட்டி அவளுக்குப் பீப்பீ செய்துகொடுக்கிறார். அப்புறம் 108 வருகிறது. அப்புறம் பால்கோவாவோடு திரும்பி வருகிறார். அதற்கடுத்த பக்கம்தான் கஷ்டம். அதே வாசலை வரைந்தேன், வேறு வண்டியை வரைந்தேன். கீழே இப்படி எழுதினேன்: 'இந்தத் தடவை டாக்டரால் சரிபண்ண முடியவில்லை. அப்புச்சி செத்துப்போய்விட்டார். செத்துப்போனவருக்கு மூச்சு இருக்காது. பசிக்காது, வலிக்காது, குளிராது. அவர் திரும்பி வரமாட்டார்.'

சாமியைப் பற்றி அந்தப் பக்கத்தில் எழுதவில்லை. நான் மாரியம்மனைக் கும்பிடுகிறவள்தான். ஆனால் உடம்புக்கு என்ன ஆயிற்று என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும், உயிர் எங்கே போயிற்று என்பதை அதற்கப்புறம் அவரவர் நம்பிக்கைப்படி சொல்லிக்கொள்ளலாம். முதலாவதைச் சொல்லாமல் இரண்டாவதை மட்டும் சொன்னால், சாமி ஏன் நம் வீட்டு ஆளைப் பிடித்துவைத்திருக்கிறார் என்று பிள்ளை சாமி மேல் கோபப்படும். கோயிலுக்கு வரமாட்டேன் என்று அடம்பிடித்த பிள்ளைகளை நான் சென்டரில் பார்த்திருக்கிறேன்.

நோட்டை அவளுக்குக் காட்டினேன். முதல் தடவை ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அவளே எடுத்துவந்து மடியில் போட்டாள். "அப்புச்சி செருப்பு வரையல" என்றாள். உண்மைதான், எல்லாப் பக்கத்திலும் அவரை வெறுங்காலோடு நிற்க வைத்திருந்தேன். இரண்டு பேரும் உட்கார்ந்து பக்கத்துக்குப் பக்கம் செருப்புப் போட்டோம். ஐஸ் பெட்டிப் பக்கத்தில் ஸ்வெட்டர் வரையட்டுமா என்று நானே கேட்டதற்கு, "வேண்டாம், குளுராதுன்னு போட்டிருக்கில்ல" என்றாள். படிக்கத் தெரியாத பிள்ளை அந்த வரியை எனக்கே திருப்பிச் சொன்னாள். அதோடு விட்டாளா? அமரர் ஊர்தியின் நாலு சக்கரத்தையும் கறுப்பு ஸ்கெட்சால் காகிதம் கிழிகிற மாதிரி அடித்துவைத்தாள். என்ன சாமி இது என்று கேட்டேன். "பஞ்சர்" என்றாள்.

இப்படி அடிக்க, கிறுக்க, கோபத்தைக் கொட்ட ஒரு பக்கம் கிடைத்ததே, அதற்காகத்தான் படப் புத்தகம் வேண்டும் என்கிறேன். பிள்ளையால் சாவைப் பற்றி உட்கார்ந்து பேச முடியாது. புத்தகத்தில் இருக்கிற ஆளைப் பற்றிப் பேசும், அந்த வண்டியைத் திட்டும், பிடிக்காத பக்கத்தை இரண்டாகச் சேர்த்துப் புரட்டித் தாண்டும், தயாரானபோது தாண்டிய பக்கத்துக்குத் தானே திரும்பும். வாயால் சொன்ன விஷயம் காற்றில் போய்விடும். புத்தகம் அதே இடத்தில் இருக்கும், எத்தனை தடவை கேட்டாலும் அதே பதிலைச் சொல்லும். நூறாவது தடவை 'அப்புச்சி எங்கே' என்று கேட்கும் பிள்ளைக்கு அலுக்காமல் பதில் சொல்ல, தானே அழுதுகொண்டிருக்கும் தாயால் முடியுமா?

அமாவாசைக்குப் படையல் போட்டுக் காக்காய்க்குச் சோறு வைத்தபோது அடுத்த கேள்வி வந்தது. "பசிக்காதுன்னு எழுதுனீங்க. அப்புறம் எதுக்குச் சோறு வெக்கறீங்க?" வீட்டில் இருந்த பெரியவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். "அவரு பசிக்கு இல்ல கண்ணு, நமக்கு அவரு நெனப்பு வருதில்ல, அதுக்கு" என்றேன். ஒத்துக்கொண்டாளோ என்னவோ, காக்காய் சாப்பிட்டு முடிக்கும்வரை நின்று பார்த்தாள். இந்தக் கேள்விக்கு எந்த வெளிநாட்டுப் புத்தகத்திலும் பக்கம் இருக்காது. தமிழில் யாராவது எழுதினால்தான் உண்டு.

என் வீட்டிலாவது நடந்தது வயதானவர் சாவு. என் சென்டரில் ஒரு பையன் இருந்தான். 2021-இல் கொரோனா இரண்டாம் அலையில் அப்பா போய்விட்டார். முகத்தைக்கூட யாரும் பார்க்கவில்லை. பெற்றோரில் ஒருவரை இழந்த பிள்ளைகள் குடும்பத்துக்கு 3 லட்சம், இருவரையும் இழந்த பிள்ளைக்கு 5 லட்சம் என்று தமிழக அரசு அறிவித்தது. நல்ல காரியம், பல வீடுகளில் அடுப்பு எரிந்தது அதனால்தான். ஆனால் அந்தப் பையனிடம் அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று சொல்ல எவருக்கும் உத்தரவும் வரவில்லை, வழியும் தெரியவில்லை. ஒருநாள் அரிசிப்பருப்பு சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் தட்டைப் பார்த்தபடியே, "எனக்குத்தான் டீச்சர் மொதல்ல காச்சல் வந்துச்சு" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அதை எத்தனை மாதமாகத் தூக்கிக்கொண்டு திரிந்தானோ. இந்த வயதில் எல்லாமே தன்னால்தான் நடக்கிறது என்று பிள்ளைகள் நம்பும். நான் திட்டினேன், அதனால் அப்பா செத்தார். நான் தும்மினேன், அதனால் செத்தார். 'உன்மேல் ஒரு தப்பும் இல்லை' என்று பெரிய எழுத்தில் போட்ட ஒரு பக்கம் அன்றைக்கு என் அலமாரியில் இருந்திருக்க வேண்டும். மாம்பழம், யானை, பஸ் எல்லாவற்றுக்கும் படம் இருந்தது. இதற்கு இல்லை.

சின்னப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு, பயந்துகொள்ளாதா என்று கேட்பவர்கள் எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பில் வந்து நிற்க வேண்டும். 'கண்ணீர் அஞ்சலி' பேனரில் எழுத்துக்கூட்டித்தான் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை வாசிக்கப் பழகுகிறது. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் கோழி அறுப்பதைத் தோளில் உட்கார்ந்து பார்க்கிறது. உங்கள் பத்திரிகையிலேயே வருடாந்திர நினைவஞ்சலி என்று கட்டம் கட்டி முகங்களாக வருகின்றன. பிள்ளை கண்ணுக்குப் படாத சாவு எதுவும் இல்லை. பேச்சு மட்டும்தான் இல்லை.

அமெரிக்காவில் செசமி ஸ்ட்ரீட் என்று மழலையர்களுக்கான டிவி நிகழ்ச்சி ஒன்று உண்டு. அதில் கடைக்காரர் ஹூப்பராக நடித்த வில் லீ 1982 டிசம்பரில் இறந்துபோனார். வேறு நடிகரைப் போட்டிருக்கலாம், ஊரைவிட்டுப் போய்விட்டார் என்று கதை கட்டியிருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. 1983 நவம்பரில் ஒரு நாள் நிகழ்ச்சியில், அதில் வரும் பெரிய மஞ்சள் பறவைப் பாத்திரம் தான் வரைந்த படத்தை ஹூப்பருக்குக் கொடுக்க வருகிறது. அவர் இறந்துவிட்டார் என்கிறார்கள். சரி, திரும்பி வந்ததும் கொடுக்கிறேன் என்கிறது பறவை. இறந்தவர்கள் திரும்பி வருவதில்லை என்று அங்கிருக்கும் பெரியவர்கள் தொண்டை அடைக்க அதற்கு எடுத்துச் சொல்கிறார்கள். மகள் போனில் போட்டுக் காட்டினாள். நாற்பது வருடத்துக்கு முன்னால், பார்ப்பவர்கள் மூன்று நாலு வயதுப் பிள்ளைகள் என்று தெரிந்தே ஒரு டிவி அதைச் செய்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இணைப்பு ஒன்றால் முடியாதா?

முடியும் என்று நம்பித்தான் எழுதுகிறேன். செத்தது செத்ததாகவே இருக்கிற கதை ஒன்று போடுங்கள். வரையும்போது ஐஸ் பெட்டியை வரையச் சொல்லுங்கள், பந்தலை, வரிசையாகப் படுத்துத் தூங்கும் சொந்தக்காரர்களை, பெரிய அண்டாவில் கொதிக்கும் டீயை, மாலை போட்ட போட்டோவை வரையச் சொல்லுங்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு பிள்ளை சிரித்து விளையாடட்டும், யாரும் அதைத் திட்ட வேண்டாம். பள்ளிவாசல் தெருப் பிள்ளைக்கும் கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தி ஏற்றப்போகும் பிள்ளைக்கும் தனித்தனியாக வரட்டும், அந்தந்த வீட்டுச் சாவு அந்தந்த மாதிரி. கடைசியில் 'கதையின் நீதி' மட்டும் வேண்டவே வேண்டாம்.

அரசுக்கும் ஒரு வார்த்தை, உங்கள் வழியாக. 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்துக்காக பிள்ளைகளின் வாசிக்கும் திறனைப் பொறுத்து நுழை, நட, ஓடு, பற என்று பிரித்துச் சின்னச் சின்னப் புத்தகங்கள் அச்சிட்டார்கள். கையடக்கமாக, பிள்ளை தானே புரட்டும்படி இருக்கின்றன. அந்த அளவில் இதற்கென்று நாலைந்து புத்தகங்கள் போட்டு, மாநிலத்தில் 54 ஆயிரத்துக்கு மேல் இருக்கிற அங்கன்வாடிகளுக்கும் ஒவ்வொரு கட்டு அனுப்பினால் போதும். குடும்பம், பறவை, வண்டி வாகனம் என்று தலைப்பு வைத்துப் பாடம் நடத்துகிறோம். குடும்பத்தில் ஒருவர் இல்லாமல் போவதும் குடும்பப் பாடம்தானே. சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி கட்டுகிறோம், நூலகத்துக்கென்று 1948-லேயே சட்டம் வந்துவிட்டது. எங்கள் பக்கத்துக் கிளை நூலகத்தில் சிறுவர் புத்தகங்கள் பீரோவுக்குள் பூட்டியே இருக்கின்றன, கிழித்துவிடுவார்களாம். கிழிக்கட்டும். போனில் வாசிப்பவர்களுக்கு, பிரதம் புக்ஸ் என்ற சிறுவர் நூல் பதிப்பகம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன, யார் வேண்டுமானாலும் புதிதாக மொழிபெயர்த்தும் ஏற்றலாம். ஆங்கிலம் தெரிந்த இளவட்டங்கள் இதைச் செய்யலாம்.

கடிதம் நீண்டுவிட்டது, தெரியும். வெட்டுவதாக இருந்தால் பேட்ஜரை வெட்டுங்கள், காய்ச்சல் வந்த பையனை விட்டுவிடுங்கள். இப்படிக் கதை எழுத ஆள் கிடைக்கவில்லை என்று மட்டும் பதில் போட்டுவிடாதீர்கள். ஓய்வுபெற்ற அங்கன்வாடி டீச்சர்கள் இந்த வட்டாரத்திலேயே நிறையப் பேர் இருக்கிறோம், ஒவ்வொருத்தியிடமும் இதுபோலப் பத்துப் பிள்ளைகளின் கதை இருக்கிறது. சன்மானம்கூட வேண்டாம், ஸ்கெட்ச் பேனா வாங்கிக் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடி டீச்சர்,
கோபிசெட்டிபாளையம் வட்டம்,
ஈரோடு மாவட்டம்.